ஒரே வீடு, நான்கு பதிவேடு: ‘துறைகளின் ஒருங்கிணைப்பு’ என்றால் என்ன?

குழந்தைகளைப் பற்றிய அரசுச் செய்திக்குறிப்பு எதை எடுத்தாலும் அதில் ஒரு வரி இருக்கும்: ‘அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும்.’ படித்துவிட்டு நாமும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாத் துறைகளையும் ஒன்றாக்கிவிடுவது என்பார் ஒருவர். மாதம் ஒரு கூட்டம் போடுவது என்பார் இன்னொருவர். எல்லாரும் ஒரே செயலியில் விவரம் ஏற்றுவது என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஒரு குழந்தைக்குக்கூட உதவாமல் இருந்துவிடவும் முடியும்.

நம் ஊர் அங்கன்வாடியும் பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒரு குடும்பத்துக்காக எப்படிச் சேர்ந்து வேலை செய்ய முடியும், அந்தச் சேர்க்கை எங்கே அறுந்துபோகிறது என்பதை, அரசு அலுவலகப் பழக்கம் இல்லாதவருக்கும் புரியும்படி இங்கே சொல்லப் பார்க்கிறேன். இதை எழுத ஒரு காரணம் உண்டு. துறைகளுக்கு நடுவில் விழும் குழந்தை எந்தத் துறையின் கணக்கிலும் தோல்வியாகப் பதிவாவதில்லை. அதனால்தான் அந்த இடத்தைப் பற்றி யாரும் பேசுவதுமில்லை.

முதலில் ஒரு தெருவைப் பார்ப்போம்

புதுச் சாலை போட்ட மாதமே குடிநீர்க் குழாய்க்காக அதைத் தோண்டுவதைப் பார்க்காத ஊர் இருக்காது. குழியை மூடியதும் கேபிள் போட வேறு ஆட்கள் வருவார்கள். மழை பெய்தால் தெரு சேறாகும். யாரைத் திட்டுவது? சாலை போட்டவருக்கு முறையான உத்தரவு இருந்தது. தோண்டியவருக்கும் உத்தரவு இருந்தது. எல்லா வேலையும் அளந்து பார்த்து, பில் பாஸாகியிருக்கும். கோப்பில் எல்லாம் சரி, தெருவில்தான் தப்பு.

இதற்குத் தீர்வாகச் சாலைத் துறையையும் குடிநீர்த் துறையையும் ஒன்றாக்க யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வருகிற 20-ம் தேதி தார் போடுகிறோம், தோண்ட வேண்டியது இருந்தால் அதற்குள் முடித்துவிடுங்கள்’ என்று ஒரு தாள் போயிருந்தால் போதும். அந்தத் தாளை அனுப்புவது யாருடைய வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு துறையின் வேலை முடிந்து இன்னொன்றின் வேலை தொடங்கும் இடத்தில் யாருக்கும் பொறுப்பில்லாமல் கிடக்கும் இந்தப் பகுதியைத்தான் ‘இடைவெளி’ என்று இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகிறேன்.

சாலையை மறுபடி போட்டுக்கொள்ளலாம். குழந்தை விஷயத்தில் அந்த வசதி இல்லை. கரு உண்டானதிலிருந்து இரண்டாம் பிறந்தநாள் வரையான சுமார் 1,000 நாட்களில் மூளையும் உடலும் வளரும் வேகம் பிறகு வருவதில்லை. அப்போது கிடைக்காமல் போன ஊட்டத்தையும் கவனிப்பையும் ஐந்து வயதில் முழுதாக ஈடுகட்டுவது மிகவும் கடினம்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தாலும் மொத்த வேலை கெடலாம். கெடுவது இடைவெளியில்.

ஒரு குழந்தையைச் சுற்றி எத்தனை பேர்?

ஒரு பெண் கருவுற்றதும் முதலில் பதிவு செய்வது கிராம சுகாதார செவிலியர். ஊரில் அவர் ‘நர்சம்மா’. அவர் பதிந்ததும் பிக்மி எண் என்று ஓர் எண் கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணத்துக்கும் இந்த எண் வேண்டும், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதும் கேட்பார்கள். அதே பெண்ணின் பெயர் அங்கன்வாடியிலும் ஏறும், அங்கே சத்துமாவு வாங்கிக்கொள்வார். குழந்தை பிறந்ததும் சான்றிதழ் உள்ளாட்சியில். தடுப்பூசி நர்சம்மாவிடம், பெரும்பாலும் புதன்கிழமைகளில். இரண்டு வயது தாண்டியதும் குழந்தை பால்வாடிக்கு வரும். அரசுத் தாளில் அங்கன்வாடி என்று இருந்தாலும் பல ஊர்களில் இன்றும் அது பால்வாடிதான், அங்கிருப்பவர் ‘டீச்சர்’தான். பிறகு பள்ளி, அங்கே எமிஸ் எண் என்று இன்னொன்று.

வளர்ச்சியில் குறை தெரிந்தால் மருத்துவக் குழு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. வீட்டில் ஆபத்து என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098, குழந்தைகள் நலக் குழு, காவல் நிலையம். இவர்களில் பால்வாடி டீச்சர் சமூக நலத் துறையின் கீழ், நர்சம்மா மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ், தலைமை ஆசிரியர் பள்ளிக்கல்வித் துறையின் கீழ். சம்பளம் தருபவர் வேறு, அறிக்கை கேட்பவர் வேறு, தணிக்கை செய்பவரும் வேறு.

சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. 1975 அக்டோபர் 2-ல் நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே ஆறு சேவைகள் வரையறுக்கப்பட்டன: கூடுதல் ஊட்டச்சத்து, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மாருக்கு ஊட்டச்சத்து பற்றியும் நலவாழ்வு பற்றியும் சொல்லித்தருதல். இந்த ஆறில் தடுப்பூசி, பரிசோதனை, மேல் சிகிச்சை ஆகிய மூன்றும் சுகாதாரத் துறையின் கையில் இருப்பவை. அதாவது பால்வாடித் திட்டத்தின் பாதி, பால்வாடி டீச்சர் தனியாகச் செய்யவே முடியாத வேலை. 50 ஆண்டுகளுக்கு முன்பே திட்டம் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பெயரிலேயே ‘ஒருங்கிணைந்த’ என்று வைத்தார்கள்.

தராசில் ஓர் எண்

இப்போது ஒரே ஒரு குழந்தையை நெருங்கிப் பார்ப்போம். இது கற்பனைக் குழந்தைதான், ஆனால் இப்படி ஒரு குழந்தையைப் பார்க்காத பால்வாடி டீச்சர் இருக்க மாட்டார்.

இரண்டரை வயதுப் பெண் குழந்தை. மாத எடை பார்க்கும் நாள். விட்டத்துக் கொக்கியில் தராசு, அதன் கீழ் துணித் தொட்டில். குழந்தையை உட்கார வைத்ததும் அழுகிறாள், முள் ஆடுகிறது. ஆயா ‘அங்க பாரு காக்கா’ என்று கையை நீட்ட, ஒரு நொடி அழுகை நிற்கிறது. அந்த நொடியில் டீச்சர் எண்ணைப் படிக்கிறார்: 9.3 கிலோ. போன மாதம் 9.4. அதற்கு முந்தைய மாதமும் 9.4. இந்த வயதுப் பெண் குழந்தை சராசரியாக 12 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அடுத்து இடது மேற்கையைச் சுற்றி மூன்று நிறம் போட்ட நாடா. 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மஞ்சள், 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. இவளுக்கு 12.1. மஞ்சள்.

டீச்சர் எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிறார், கைப்பேசியிலும் ஏற்றுகிறார். அவர் கையில் இருக்கும் மருந்து உணவு மட்டும்தான்: சத்துமாவு, முட்டை, மதியச் சாப்பாடு. ஆனால் மூன்று மாதமாக அதைக் கொடுத்தும் எடை ஏறவில்லையே, ஏன்?

வயிற்றில் பூச்சி இருக்கலாம். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கில் சாப்பிட்டது தங்காமல் போகலாம், அதற்குக் காரணம் தெருக்குழாயாக இருக்கலாம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருக்கலாம். அல்லது இப்படியும் இருக்கலாம்: அம்மா விடிகாலையில் வேலைக்குப் போகிறாள், இரவில்தான் திரும்புகிறாள். பகலில் இவளைப் பார்த்துக்கொள்வது பத்து வயது அக்கா. அக்கா ஊட்டியதைத்தான் இவள் சாப்பிடுவாள். பால்வாடிக்கும் அக்கா கொண்டுவந்து விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நூறடி தள்ளி பள்ளிக்கூடத்தில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் ஒரு மாணவி மூன்று வாரமாக வரவில்லை. ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டே வருகிறார். நர்சம்மாவின் பதிவேட்டில் அதே தெருவில் ஒரு கர்ப்பிணி இரண்டு முறை பரிசோதனைக்கு வரவில்லை. ஊராட்சியின் புகார்ப் புத்தகத்தில் அந்தத் தெருக் குழாயில் சாக்கடை வாடை வருவதாக ஒரு மனு.

எடை ஏறாத குழந்தை, பள்ளிக்கு வராத சிறுமி, பரிசோதனைக்கு வராத கர்ப்பிணி, நாறும் குழாய். நான்கு பதிவேட்டில் நான்கு பிரச்சினை. வீடு ஒன்றுதான்.

ஒருங்கிணைப்பு என்ற சொல்லின் உயிர் இந்த இடத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். நான்கு பதிவேடும் ஒரே வீட்டைச் சொல்கின்றன என்று யாரோ ஒருவர் கண்டுகொள்ளும் நாளில்தான் அது தொடங்குகிறது. அதுவரை டீச்சர் இன்னும் கொஞ்சம் சத்துமாவு கொடுப்பார், பள்ளி இன்னொரு நோட்டீஸ் அனுப்பும், நர்சம்மா ‘ஏன் வரல’ என்று திட்டுவார். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்வதுதான். அம்மாவுக்கோ இந்த மூன்று பேரும் தன்னைக் குறை சொல்ல வந்தவர்களாகத் தெரிவார்கள்.

சுருக்கமாக: ஒவ்வொரு துறையும் குழந்தையின் ஒரு துண்டைத்தான் பார்க்கிறது. முழுக் குழந்தையைப் பார்க்க வேண்டுமானால் துண்டுகள் ஓரிடத்தில் சேர வேண்டும்.

போன சீட்டு திரும்பி வந்ததா?

துண்டுகள் எப்படிச் சேரும்? முதல் கருவி மிகப் பழையது, ஒரு சீட்டு. தன்னால் முடியாததை, முடிகிற இன்னொருவரிடம் எழுத்தில் அனுப்புவதற்குப் பரிந்துரை என்று பெயர். டீச்சர் ‘ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்க’ என்று வாயால் சொன்னால் அது பரிந்துரை ஆகாது, அறிவுரைதான். யாரை, எதற்காக, எங்கே அனுப்பினேன் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

சீட்டு எழுதுவது பல இடங்களில் நடக்கிறது. அறுந்துபோவது அதற்கு அடுத்த கட்டம். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டை வைத்து அனுப்பிய பழக்கம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தபால் போய்ச் சேர்ந்ததும் வாங்கியவர் கையெழுத்தோடு அந்த அட்டை நம் வீட்டுக்குத் திரும்பி வரும். வரவில்லையென்றால் தபால் ஆபீசுக்குப் போய்க் கேட்போம். சாதாரணத் தபாலில் அந்த வசதி கிடையாது. போட்டோம், போயிருக்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் நம் பரிந்துரைகளில் பெரும்பகுதி சாதாரணத் தபால்தான். டீச்சர் சீட்டு கொடுத்தார். அம்மா அதை மடித்து அலமாரியில் வைத்தாள். மறுநாள் கூலி போய்விடும் என்று போகவில்லை. அல்லது போனாள், டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார். இரண்டில் எது நடந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. அடுத்த மாதம் மறுபடி 9.3. மறுபடி ஒரு சீட்டு. பால்வாடியின் மாத அறிக்கையில் ‘பரிந்துரை செய்யப்பட்ட குழந்தைகள்: 1’ என்று ஏறும். மேலே படிப்பவருக்கு வேலை நடந்ததாகத்தான் தோன்றும்.

சுகாதார நிலையத்திலிருந்து ‘பார்த்தோம், இது கண்டுபிடித்தோம், இது கொடுத்தோம், இந்தத் தேதியில் மறுபடி அனுப்புங்கள்’ என்று டீச்சருக்கே பதில் வருவதை மறுதகவல் என்போம். பரிந்துரையும் மறுதகவலும் சேர்ந்தால்தான் ஒரு சுற்று முடியும். அது முடிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து ஒரு வட்டாரத்தில் துறைகள் உண்மையில் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று சொல்லிவிடலாம். கூட்டங்களின் எண்ணிக்கையை விட எனக்கு இந்த அளவுகோலில்தான் நம்பிக்கை.

இப்படிச் சுற்று முடிக்கும் யோசனையைத் தமிழ்நாடு முன்பே செய்து பார்த்திருக்கிறது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எல்லாருக்கும் எப்போதும் உணவு என்று இல்லாமல், எடை ஏறாமல் நிற்கும் குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு. அதற்கும் தேறாவிட்டால் சுகாதாரப் பணியாளரின் கவனத்துக்கு. எடை என்ற எண் ஒரு கதவைத் திறக்கும், அது போதாவிட்டால் அடுத்த கதவு. அண்மைக்கால உதாரணம், 2022-ல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம். பால்வாடியில் எடையும் உயரமும் எடுத்து, குறைவாக உள்ள குழந்தைகளை மருத்துவக் குழு பார்க்கும் ஏற்பாடு அது. இதற்கு நிகரானது 2013 முதல் நடக்கும் சிறார் நலத் திட்டம்: நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பால்வாடிக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் போய்ப் பிறவிக் குறை, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். மேலும் பார்க்க வேண்டிய குழந்தை மாவட்ட அளவிலான மையத்துக்குப் போகும்.

யார் கேட்பார்?

அந்த வீட்டில் நான்கு துறைக்கும் வேலை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான்கு பேரும் தனித்தனியாக அந்த வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன ஆகும் என்று அம்மாவின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். நான்கு முறை அதே கதையைச் சொல்ல வேண்டும். நான்கு முறை கூலி போகும். இரண்டாம் முறையே கதவு திறக்காது.

அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் பொறுப்பாளர் வேண்டும். எல்லா வேலையையும் அவரே செய்வார் என்று அர்த்தமில்லை. யார் யார் என்ன செய்வதாகச் சொன்னார்கள், செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் அவர். கல்யாண வீட்டில் ஒரு மாமா இருப்பாரே, சமைக்க மாட்டார், மேளம் வாசிக்க மாட்டார். ஆனால் பந்தி எத்தனை மணிக்கு, பூ வந்ததா, பெண் வீட்டு வேன் எங்கே நிற்கிறது என்று அவரிடம்தான் எல்லாரும் கேட்பார்கள். அந்த மாமா இல்லாத கல்யாணத்தில் திறமைசாலிகள் பத்துப் பேர் இருந்தும் முகூர்த்தத்துக்கு மாலை வந்து சேராது.

நம் குழந்தையின் வீட்டுக்கு அந்த மாமா யார்? குடும்பம் யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறதோ அவர் பொருத்தமாக இருப்பார். பெரும்பாலும் அது பால்வாடி டீச்சர்தான், ஏனென்றால் அவர் அதே ஊர்க்காரர், தினமும் பார்ப்பவர். ஆனால் ஒரு நியாயமும் வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. புதிதாக எந்தத் திட்டம் வந்தாலும் கணக்கெடுப்பு முதல் செயலியில் ஏற்றுவது வரை அந்த டீச்சர் தலையில்தான் வந்து விழுகிறது. ‘நீங்கள்தான் பொறுப்பாளர்’ என்று இன்னொரு தாளையும் கொடுத்துவிட்டு, அவர் கேட்கும்போது சுகாதார நிலையமோ பள்ளியோ பதில் சொல்லத் தேவையில்லை என்று விட்டால் அது கொடுமை. பொறுப்போடு கேட்கும் அதிகாரமும் சேர்ந்து வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கூட்டமும் செயலியும்

கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைப் பற்றிய கூட்டம் என்பதுதான் கேள்வி. ‘எடை பார்க்கப்பட்ட குழந்தைகள் 98 சதவீதம், தடுப்பூசி 96 சதவீதம்’ என்று ஒவ்வொரு துறையும் வாசித்துவிட்டு டீ குடித்துக் கலைந்தால், மீதமுள்ள சில குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்று பொருள். அந்தச் சில குழந்தைகளுக்காகத்தான் கூட்டம். நல்ல கூட்டத்தில் சதவீதத்துக்குப் பதில் வீடுகளின் பட்டியல் இருக்கும்: இந்த வீடு, என்ன பிரச்சினை, யார் என்ன செய்வார், எந்தத் தேதிக்குள். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கும். மாதம் ஒருமுறை பால்வாடியில் நடக்க வேண்டிய கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாள் இதற்குத் தோதான இடம். டீச்சரும் நர்சம்மாவும் தாய்மாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நாள் அது.

செயலியும் அப்படித்தான். நம் குழந்தைக்கு சுகாதாரத்தில் ஓர் எண், பால்வாடியின் போஷன் டிராக்கர் செயலியில் ஒரு பதிவு. அக்காவுக்கு எமிஸ் எண். மூன்றும் வேறு வேறு வேலைக்காக உருவானவை. இவற்றை இணைத்தால் நல்லதுதான். ஆனால் இணைத்த தகவலைப் பார்த்துவிட்டு எழுந்து அந்த வீட்டுக்குப் போக ஓர் ஆள் வேண்டும். இதற்கு மிகக் கசப்பான பாடம் இங்கிலாந்தில் கிடைத்தது.

லண்டனில் இறந்த எட்டு வயதுச் சிறுமி

விக்டோரியா கிளிம்பியே ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி, உறவுக்காரப் பெண் ஒருவருடன் பெற்றோர் அனுப்பிவைத்தார்கள். 1999-ல் லண்டன் வந்து சேர்ந்தாள். அந்தப் பெண்ணும் அவர் துணைவரும் செய்த சித்திரவதையால் 2000 பிப்ரவரி 25-ல் இறந்தாள். வயது எட்டு. உடலில் 128 காயங்கள்.

யாருக்கும் தெரியாமல் நடந்திருந்தால் வேறு விஷயம். அந்தப் பத்து மாதத்தில் நான்கு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல் துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள் ஆகியவற்றின் பார்வைக்கு அவள் வந்திருக்கிறாள். முதல் மருத்துவமனையில் ஒரு மருத்துவர் காயங்களைப் பார்த்து, யாரோ அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். பிறகு பார்த்த மூத்த மருத்துவர் சிரங்கு என்றார். ‘சிரங்கு’ என்ற சொல் அடுத்த அலுவலகத்துக்குப் போனது. முதல் மருத்துவரின் சந்தேகம் வழியிலேயே நின்றுவிட்டது. குழந்தை அதே வீட்டுக்குத் திரும்பினாள். லண்டனில் இருந்த காலம் முழுக்க எந்தப் பள்ளியிலும் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு பதிவேட்டிலும் பெயர் இல்லாததால், வரவில்லையே என்று கேட்கவும் ஆளில்லை.

லார்ட் லேமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003 ஜனவரியில் வெளியானது. அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் இருந்தன என்று அது சொன்னது. அவற்றில் பல, பெரிய திறமை எதுவும் தேவைப்படாதவை. கோப்பை ஒழுங்காகப் படித்திருந்தால், ஒரு முறை குழந்தையோடு தனியாகப் பேசியிருந்தால் போதும்.

இதையடுத்து 2004-ல் குழந்தைகள் சட்டம் வந்தது. உள்ளாட்சி, சுகாதாரம், காவல் முதலியவை குழந்தைகள் விஷயத்தில் ஒத்துழைப்பது சட்டக் கடமையானது. 2017-ல் வந்த இன்னொரு சட்டம் அந்த மூன்றையும் சம பொறுப்புள்ள பங்காளிகளாக்கியது. நடுவில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. இங்கிலாந்தின் எல்லாக் குழந்தைகளின் பெயர், முகவரி, அவர்களைப் பார்க்கும் அலுவலர்களின் விவரம் அடங்கிய ‘கான்டாக்ட்பாயின்ட்’ என்ற மாபெரும் கணினித் தொகுப்பு 2009-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 2010 ஆகஸ்டில், அதை நிறுத்திவிட்டார்கள். இவ்வளவு குழந்தைகளின் விவரத்தை இத்தனை பேர் பார்க்கலாமா, பாதுகாப்பாக இருக்குமா என்ற எதிர்ப்பு ஒரு பக்கம், செலவு இன்னொரு பக்கம். விக்டோரியாவைப் பார்த்தவர்களிடம் தகவல் துண்டு துண்டாக இருந்தது உண்மைதான். ஆனால் கையில் இருந்த துண்டைக்கூடப் பின்தொடர்ந்து போக ஆளில்லை என்பதும் அதே அளவு உண்மை. கணினி முதலாவதைத்தான் சரிசெய்யும்.

எவ்வளவு சொல்லலாம், எப்போது சொல்லியே ஆக வேண்டும்

துறைகள் பேசிக்கொள்ள வேண்டும் என்றதும் எழும் நியாயமான பயம் இது: வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடாதா? நடைமுறையில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் தன் வேலையைச் செய்ய எது தேவையோ அது மட்டும். அக்கா பள்ளிக்கு வராததற்குக் காரணம் தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். அவள் அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு அவருக்குத் தேவையில்லை. முடிந்தவரை அம்மாவிடம் கேட்டுவிட்டே சொல்ல வேண்டும். கேட்டால் பெரும்பாலானோர் சம்மதிப்பார்கள், கேட்காமல் சொன்னால்தான் மனம் புண்படும்.

குழந்தைக்கு ஆபத்து என்றால் கணக்கு மாறும். பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். காப்பாளர் இல்லாமலோ ஆபத்திலோ மீட்கப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு.

1098-க்கு அழைத்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பேச்சு ஊர்களில் பலமாக இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது இதற்கு நேர் எதிர்: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. குடும்பத்தோடு குழந்தை இருக்க என்ன உதவி வேண்டும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கணவனை இழந்த தாய் போன்றோரின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தரும் ஏற்பாடு, ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அந்த அலகு ஆட்சியர் அலுவலகத்தின் அருகில் எங்காவது இருக்கும், உதவி தேவைப்படும் தாயோ மலையடிவாரத்தில் இருப்பாள். அவளுக்கு இதைச் சொல்லப் போவது யார்? மறுபடி பால்வாடி டீச்சரும் வகுப்பாசிரியையும் நர்சம்மாவும்தான். இந்த ஒரு விஷயத்தை அவர்கள் மூவரும் தெரிந்து வைத்திருந்தாலே எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போகாமல் பள்ளியில் இருப்பார்கள்.

உங்கள் ஊரில் பார்க்க

ஊராட்சி அளவில் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், தலைவர் ஊராட்சித் தலைவர். பள்ளியில் பெற்றோர் அங்கம் வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. இவற்றில் எதிலாவது போய் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தால் ‘ஒருங்கிணைந்து செயல்படுகிறீர்களா’ என்று கேட்காதீர்கள், ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். போன மூன்று மாதத்தில் பால்வாடியிலிருந்து சுகாதார நிலையத்துக்கு எத்தனை குழந்தைகளை அனுப்பினீர்கள், எத்தனை பேருக்குப் பதில் வந்தது என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். பள்ளிக்கு நீண்ட நாள் வராதவர்களின் வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அந்த இரண்டரை வயதுக்காரி வீட்டில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வகுப்பாசிரியை ஒரு மாலை பால்வாடிக்கு வந்து, ‘உங்க பதிவேட்டுல இந்தத் தெரு யாரு இருக்கா டீச்சர்?’ என்று கேட்கிறார். இருவரும் சேர்ந்து நர்சம்மாவுக்குப் போன் போடுகிறார்கள். புதன்கிழமை ஊசி போட வரும்போது நர்சம்மா அம்மாவையும் பார்க்கிறார், நாலாவது மாதம், இரண்டு முறை பரிசோதனைக்கு வராத கர்ப்பிணி இவள்தான். ஒரே பயணத்தில் அம்மாவுக்குப் பரிசோதனை, சின்னவளுக்கு டாக்டர். பூச்சி மருந்து தருகிறார்கள். சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. காலையில் அம்மா வேலைக்குப் போகும் வழியில் சின்னவளைத் தன் வீட்டில் விட்டுப் போகலாம் என்று ஆயா சொல்கிறார், பால்வாடி திறந்ததும் அங்கே கூட்டி வந்துவிடுவார். அதனால் அக்கா காலை உணவு நேரத்துக்கே பள்ளியில் இருக்கிறாள். குழாயில் உடைப்பு, ஊராட்சி சரிசெய்ய இரண்டு வாரம் ஆகிறது, அதுவரை தண்ணீரைக் காய்ச்சச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் தராசில் 9.4. அதற்கடுத்த மாதம் 9.7. சுகாதார நிலையத்திலிருந்து திரும்பி வந்த அரைச் சீட்டில் டாக்டரின் கையெழுத்து புரியவில்லை, தேதி மட்டும் தெளிவாக இருக்கிறது. டீச்சர் அதை அவளுடைய பக்கத்தில் பசை தடவி ஒட்டிவிட்டு, ஓரத்தில் அடுத்துப் போக வேண்டிய நாளை எழுதி வைக்கிறார்.